ஆண்டுச் சந்தாவிலிருந்து மாதச் சந்தாவுக்கு: ஒரு பிராட்பேண்ட் மாற்றம்

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் ஒரு மாதம் இலவசம் என்ற பேச்சை நம்பி, முன்பு சென்னையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தேன். மழை தூறினாலே மோடத்தின் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். கேபிளில் ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். புகார் செய்தால் ஆள் வர மூன்று நாளாகும். பணம் முழுவதும் முன்பே அவர்களிடம் போய்விட்டதால், அவசரம் எனக்கு மட்டுமே இருந்தது.

கைப்பேசி எண்ணைப் போல பிராட்பேண்டை போர்ட் செய்ய முடியாது என்பதால், பழைய சந்தா முடிய இரு வாரம் இருக்கும்போதே வேறொரு நிறுவனத்தின் மாதத் திட்டத்தில் சேர்ந்தேன். விளம்பரத்தில் 499 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 589 ரூபாய் ஆயிற்று. புதிய மோடத்துக்கும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்ததால், தொலைக்காட்சி முதல் அம்மாவின் கைப்பேசி வரை எதையும் மீண்டும் இணைக்க வேண்டியிருக்கவில்லை.

மோடத்தோடு லேன் கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதித்தபோது, 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94 கிடைத்தது. மோடத்தை வாசலோரமே மாட்டிவிட்டுப் போனதால் பின்னறையில் சிக்னல் மெலிவது ஒன்றே குறை. பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வரிசை எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வைப்புத்தொகை திரும்பக் கிடைத்தது அதைக் காட்டிய பிறகுதான்.