மைனர் லீக் பையன்களை வளர்க்க எது சரி: த ஷோவா, அவுட் ஆஃப் த பார்க்கா?

டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஒரு பையனை எடுத்து, மூன்று நான்கு வருடம் கீழ்மட்ட அணிகளான மைனர் லீக்கில் பக்குவப்படுத்தி, ஒரு நாள் உச்ச மட்டமான மேஜர் லீக் மைதானத்தில் இறக்கிவிடுவதற்காகத்தான் பேஸ்பால் வீடியோ கேம்களில் நான் ஃபிரான்சைஸ் மோட், அதாவது ஓர் அணியையே வருடக்கணக்கில் நிர்வகிக்கும் ஆட்டம், ஆடுகிறேன். பெரிய ஆட்களைக் காசு கொட்டி வாங்கி ஜெயிப்பதில் எனக்கு ருசி இல்லை. அதனால் எந்த பேஸ்பால் கேம் வந்தாலும், 19 வயதுப் பையனை அது எப்படி நடத்துகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து எம்எல்பி த ஷோவையும் அவுட் ஆஃப் த பார்க்கையும் ஒப்பிடுகிறேன். இரண்டாவதை எல்லோரும் சொல்கிற மாதிரி ஓஓடிபி என்றே எழுதுகிறேன். சூப்பர் மெகா பேஸ்பால் ஆடுவதற்கு அருமையான கேம்தான், ஆனால் அதன் ஃபிரான்சைஸில் மைனர் லீக்கே இல்லை, அதனால் சேர்க்கவில்லை.

த ஷோவில் ஒவ்வொரு வீரருக்கும் 99 வரை போகும் ஓர் ஓவரால் எண் (இப்போதைய மொத்தத் திறமை) இருக்கும், கூடவே ஏ, பி, சி, டி என்று ஒரு பொடென்ஷியல் எழுத்து, அதாவது எவ்வளவு தூரம் வளர்வான் என்ற கணிப்பு. அந்த எழுத்துதான் பையனின் ஜாதகம். ஏ என்று இருந்தால், ஆடுவதற்கு இடம் கொடுத்து, பெரிய காயம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுவான். டி என்று இருந்தால் டபுள் ஏயில் (மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாவது படி) அவன் என்ன அடித்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பயிற்சியில் எதற்கு அழுத்தம் கொடுப்பது என்று நாம் சொல்லலாம், பவருக்கா, காண்டாக்டுக்கா (பந்தைத் தவறவிடாமல் தொடுவது), ஃபீல்டிங்குக்கா என்று. அது பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சீசன் போனதும் என் கண் ஸ்டாட்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த எழுத்தை மட்டும் தேட ஆரம்பித்துவிடுகிறது. மற்ற அணிகளோடு ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேடில்கூட அதே கதைதான், ஏ உள்ளவனைக் கேட்டு வாங்கு, சி உள்ளவனைத் தள்ளிவிடு.

நிஜ பேஸ்பால் அப்படி நடப்பதில்லை. ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999 டிராஃப்டில் 13ஆவது சுற்றில், 402ஆவது ஆளாகப் போனவர். 2001இல், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். மைக் பியாஸா 1988இல் 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர், அந்தச் சுற்றே இப்போது கிடையாது, டிராஃப்ட் 20 சுற்றோடு முடிகிறது. மறுபக்கம் பாருங்கள், 1991இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிட்சர் (பந்து வீசுபவர்) பிரையன் டெய்லர் மேஜர் லீக்கை மிதிக்கவே இல்லை, 2013இன் முதல் ஆள் மார்க் அப்பெல் 2022இல் 30 வயதில்தான் அங்கே பந்து வீசினார். இவர்கள் யாருடைய நெற்றியிலும் எழுத்து எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்ததாக நினைத்தவர்கள் தப்பாகப் படித்திருந்தார்கள்.

ஓஓடிபி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயும் பொடென்ஷியல் எண் உண்டு, நான் 20 முதல் 80 வரையிலான ஸ்கேலில் வைத்து ஆடுவேன், நிஜ ஸ்கவுட்டுகள் (திறமை தேடி மதிப்பிடுகிறவர்கள்) பயன்படுத்தும் அதே ஸ்கேல், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஆனால் திரையில் தெரிவது உண்மையான எண் இல்லை, உங்கள் ஸ்கவுட்டின் கருத்து. அவர் எவ்வளவு திறமைசாலி, அவர் துறைக்கு எவ்வளவு பட்ஜெட் ஒதுக்கினீர்கள், பையனின் உடல் திறமைகளுக்கு மயங்குகிறவரா அல்லது இப்போதைய ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிடுகிறவரா என்பதைப் பொறுத்து அது மாறும். பக்கத்திலேயே ஓஎஸ்ஏ என்ற பொது ஸ்கவுட்டிங் அமைப்பின் மதிப்பீடும் இருக்கும். இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். அந்த முட்டலில்தான் விளையாட்டே இருக்கிறது.

ஓர் உதாரணம். என் சேவில் (சேமித்து வைத்துத் தொடர்ந்து ஆடும் ஆட்டம்) 11ஆவது சுற்றில் ஒரு காலேஜ் ஷார்ட்ஸ்டாப்பை, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டரை, எடுத்தேன். என் ஸ்கவுட் பொடென்ஷியல் 55 என்றார், ஓஎஸ்ஏ 40 என்றது. டபுள் ஏக்கு ஒரு படி கீழான ஹை ஏயில் பையன் நன்றாக அடித்தான், வாக் (தப்பான பந்துகளை விட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) நிறைய, ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) குறைவு. ஜூன் மாதமே டபுள் ஏக்கு ஏற்றிவிட்டேன். அவசரம். ஆறு வாரத்தில் பேட்டிங் சராசரி .190க்கு விழுந்தது, படுமோசம். தாங்க முடியாத மட்டத்தில் தூக்கிப் போட்டால் வளர்ச்சி கெடும், ரொம்ப எளிதான மட்டத்திலேயே வைத்திருந்தாலும் தேங்கிப்போவான், இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதுதான் தினசரித் தலைவலி. திரும்ப இறக்கினேன், அடுத்த வருடம் ஏப்ரலில் மறுபடி ஏற்றினேன், ஷார்ட்ஸ்டாப்புக்குக் கை பலம் போதாது என்று தெரிந்து இரண்டாம் பேஸுக்கு மாற்றினேன். இன்று அவன் என் அணியின் முதல் பேட்டர். ஓஎஸ்ஏ இப்போது அவனுக்கு 55 போடுகிறது.

அதே சேவில் முதல் சுற்றில் எடுத்த ஹைஸ்கூல் பிட்சர் ஒருவன், எல்லாரும் 70 என்று சொன்னவன், 20 வயதில் முழங்கை தசைநார் கிழிந்து ஒரு வருடத்துக்கு மேல் படுத்துவிட்டான். திரும்பி வந்தபோது வேகமும் போயிருந்தது, பொடென்ஷியலும் 45. அன்று ராத்திரி கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. பழைய சேவ் ஃபைலை லோடு செய்யலாம்தான். செய்யவில்லை, செய்தால் அந்த ஷார்ட்ஸ்டாப் வந்ததற்கும் மதிப்பில்லாமல் போயிருக்கும்.

ஓஓடிபியில் திறமை திடீரென்று ஏறி இறங்குவதற்கே ஒரு செட்டிங் உண்டு, டேலண்ட் சேஞ்ச் ராண்டம்னஸ், சாதாரணமாக 100இல் இருக்கும். ரொம்ப ஆட்டம் காட்டுகிறது என்று தோன்றினால் குறைத்துக்கொள்ளலாம். நான் 100இலேயே விட்டுவிடச் சொல்வேன். அப்புறம் குணம். உழைப்பு, புத்தி என்று பையனின் சுபாவத்துக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது, அது வளர்ச்சியைப் பாதிக்கிறது. இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் நான் உழைப்பாளியைத்தான் எடுப்பேன். 2024இல் வந்த 25ஆம் பதிப்பில் டெவலப்மென்ட் லேப் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு பையனைக் குறிப்பிட்ட பயிற்சிக்கு அனுப்பலாம், பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இடம் சிலருக்குத்தான் என்பதால் யாரை அனுப்புவது என்பதே ஒரு யோசனை.

படிகளின் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம். 2021 மாற்றத்துக்குப் பிறகு நிஜத்தில் ஒவ்வொரு அணிக்கும் ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, சிங்கிள் ஏ என நான்கு துணை அணிகள், மொத்தம் 120. அதற்குக் கீழே அரிசோனா, ஃபுளோரிடா காம்ப்ளெக்ஸ் லீக்குகள், டொமினிகன் சம்மர் லீக். ஓஓடிபியில் இவை எல்லாம் உண்டு, 16 வயது வெளிநாட்டுப் பையன்களை ஒப்பந்தம் செய்யும் வேலையும் உண்டு. த ஷோவில் ஏணி குட்டை, டொமினிகன் லீக்கில் ஒரு பையன் முதல் ஹோம் ரன் அடித்தான் என்ற செய்தியை அங்கே நான் பார்த்ததே இல்லை. நிஜ மைனர் லீக் ஆட்களோடு ஆட ரசிகர்கள் பொறுமையாக உருவாக்கிப் பகிரும் ரோஸ்டர்களை (வீரர் பட்டியல்கள்) இறக்கிக்கொள்வதுதான் அங்கே நெடுநாள் வழக்கம். அந்த உழைப்புக்குக் கும்பிடு போடணும்.

இன்னொன்று, பல பேர் கவனிக்காதது. 16 வயதில் எடுத்த பையன் மேலே வர ஆறேழு சீசன் ஆகும். த ஷோவில் ஒரு காலத்தில் சேவ் ஃபைலை அடுத்த வருட கேமுக்குக் கொண்டுபோக முடிந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் புது கேம் வாங்கினால் பாதி வளர்ந்த பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். ஓஓடிபியில் போன வருடச் சேவ் ஃபைலைப் புதுப் பதிப்பில் திறக்கலாம். நீண்ட ஆட்டம் ஆடுகிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அப்படியென்றால் த ஷோ எதற்கு? அந்த ஒரு நொடிக்கு. நீங்கள் வளர்த்த பையன் செப்டம்பரில் மேலே வந்து முதல் முறை பேட்டுடன் நிற்கும்போது, பந்தை அடிப்பது உங்கள் கட்டைவிரல். ஓஓடிபியில் 3டி மேட்ச் வியூ இருந்தாலும் அங்கே நீங்கள் பார்வையாளர்தான். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் கன்ட்ரோலர் பிடிக்கணும் என்கிறவருக்கு நான் த ஷோவையே சொல்வேன், அதில் ஒரு மாற்றத்தோடு: பொடென்ஷியல் எழுத்தைப் பார்க்காமல் ஸ்டாட்ஸை மட்டும் பார்த்து ஆளை ஏற்றுங்கள். ஒரே சீசனில் ருசி மாறிவிடும்.

பையன்களை வளர்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஓஓடிபி வாங்குங்கள். முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், மெனுவுக்குள் மெனு. மைனர் லீக் ஏற்ற இறக்கத்தை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த பத்து பேரை மட்டும் நீங்களே பாருங்கள்.

இப்போது என் சேவில் நவம்பர். அணி தன் ஆட்களைக் காத்துக்கொள்ளும் 40 பேர் பட்டியலில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம், காக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவன் 23 வயது கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவன்), சுமாராக அடிப்பான், எறியும் கை அபாரம். இன்னொருவன் அந்த முழங்கை பிட்சர். பட்டியலில் சேர்க்காதவனை ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் அவர்கள் சீசன் முழுக்க அவனை மேஜர் லீக் அணியின் 26 பேருக்குள் வைத்திருக்க வேண்டும். 45 பொடென்ஷியல் பிட்சருக்காக யார் அப்படி ஓர் இடத்தைக் கொடுப்பார்கள் என்று கணக்கு சொல்கிறது. மூன்று நாளாக நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை.