ஜூகோ கூடைப்பந்து: பணம் வாங்கும் ரெக்ரூட்டிங் சேவைகள் கொடுத்த காசுக்குத் தகுமா?

அமெரிக்காவின் இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களில், எல்லோரும் சுருக்கமாக ஜூகோ என்பவற்றில், கூடைப்பந்து இடம் தேடும் குடும்பங்களுக்கு இந்தச் சேவைகள் விற்கும் பொதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆன்லைன் புரொஃபைல், வெட்டி ஒட்டிய ஹைலைட் வீடியோ, நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு மொத்தமாகப் போகும் மெயில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை, அவ்வப்போது ஓர் ஆலோசகரின் ஃபோன். ஜூகோவை மட்டும் வைத்துச் சொன்னால் 5க்கு 2 மதிப்பெண். அந்த இரண்டும் வீடியோவுக்காக.

ஜூகோ மட்டமான வழி என்பதால் இப்படிச் சொல்லவில்லை. என்பிஏ நட்சத்திரம் ஜிம்மி பட்லர் டெக்சஸில் டைலர் ஜூனியர் காலேஜில் ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் மார்க்வெட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெண்கள் கூடைப்பந்தின் நட்சத்திரம் ஷெரில் ஸ்வூப்ஸ் சவுத் பிளெயின்ஸ் காலேஜ் என்ற ஜூகோவிலிருந்து டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நல்ல வழி என்பதால்தான் அதில் காசும் காலமும் வீணாகக் கூடாது.

முதல் குறை: திறந்து கிடக்கும் கதவுக்குச் சாவி விற்கிறார்கள். ஜூகோ கோச்சின் மெயிலும் ஃபோன் நம்பரும் பெரும்பாலும் கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்திலேயே இருக்கும். நான்கு வருடக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவில் இருப்பதுபோல, இன்ன மாதத்தில் பேசக்கூடாது என்ற நாள்காட்டிக் கெடுபிடி ஜூகோ விளையாட்டை நடத்தும் என்ஜேசிஏஏவில் கிடையாது. கேம்பஸுக்கு வரவழைத்து ஆடவிட்டுப் பார்க்கவும் அனுமதி உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் மெயில்களைத் தினமும் பார்க்கும் அசிஸ்டன்ட் கோச், தன் அணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைத் திறக்கவே மாட்டார்.

இரண்டாவது, யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்ப்பதில்லை. ஜூகோவில் ரோஸ்டர், அதாவது அணியின் ஆட்டக்காரர் பட்டியல்தான் ஜாதகம். இந்த வருட ரோஸ்டரில் உங்கள் பொசிஷனில் எத்தனை ஃப்ரெஷ்மன் (முதல் வருடம்), எத்தனை சோஃபமோர் (இரண்டாம் வருடம்) என்று எண்ணுங்கள். சோஃபமோர்கள் போய்விடுவார்கள். பாயின்ட் கார்டு இருவருமே சோஃபமோர் என்றால் அங்கே எழுதுங்கள். நான்கு கார்டுகளும் ஃப்ரெஷ்மன் என்றால் விட்டுவிடுங்கள். 30 கல்லூரிகளை இப்படி அலச ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நீங்கள் எழுதும் மெயிலின் தலைப்பில் பள்ளி முடிக்கும் வருடம், பொசிஷன், ஷூ இல்லாத உயரம், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்), ஊர். உள்ளே ஐந்தாறு வரி, இரண்டு லிங்க், உங்கள் பள்ளி கோச்சின் நம்பர். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டால் நேரில் பார்த்த முதல் நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் கோச் நம்பமாட்டார்.

வீடியோ பரவாயில்லை. சுத்தமாக வெட்டுகிறார்கள், ஆட்டக்காரரை வட்டமிட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் இசை, பளபளப்பு, டங்க் என்று ஐந்து நிமிடம் இழுக்கிறார்கள். மூன்று நிமிடம் போதும், சிறந்த நான்கைந்து காட்சி முதல் 30 வினாடிக்குள் வரவேண்டும். கோச்சுக்கு உண்மையில் வேண்டியது வெட்டாத ஒரு முழு ஆட்டம். அதுவும் பலமான எதிரணியோடு ஆடியது. பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறீர்கள், பந்தைப் பறிகொடுத்த பின் திரும்பி ஓடுகிறீர்களா என்பது அதில்தான் தெரியும். முழு ஆட்டத்தைப் பொதியில் சேர்க்காத சேவைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பெரிய குழப்பம் "ஸ்காலர்ஷிப்" என்ற சொல்லில். என்ஜேசிஏஏ டிவிஷன் 1 கல்லூரி டியூஷன், ஃபீஸ், புத்தகத்தோடு தங்குமிடம், சாப்பாடு வரை தரலாம். டிவிஷன் 2 கல்லூரியால் தங்குமிடமும் சாப்பாடும் தர முடியாது. டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் தனி அமைப்பு. அங்கேயும் விளையாட்டுக்குப் பணம் இல்லை, வெளியூர் ஆட்டக்காரரிடம் கோச் தானாக வந்து பேசவும் கூடாது, முதல் மெயில் உங்களுடையதாக இருக்கவேண்டும். புரொஃபைலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அங்கே ஒன்றும் நடக்காது. பல குடும்பங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது அமெரிக்க அரசு தரும் கல்வி உதவித்தொகையான பெல் கிரான்ட். 2024-25இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அதற்கான ஃபாஃப்சா விண்ணப்பம் இலவசம். கல்லூரியோடு கையெழுத்திடும் ஒப்பந்தப் படிவமான லெட்டர் ஆஃப் இன்டென்ட் ஒரு கல்வியாண்டுக்குத்தான் செல்லும். கோச் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, படிவத்தில் எந்தெந்தச் செலவுக்கு எதிரே குறி இருக்கிறது என்று பாருங்கள்.

படிப்பு பற்றிய ஆலோசனைதான் இந்தச் சேவைகளில் ஆக மெலிந்த பகுதி. பள்ளி முடிக்கும்போது என்சிஏஏ தகுதி கிடைக்காதவர், ஜூகோ வழியாக என்சிஏஏ டிவிஷன் 1 பல்கலைக்கழகத்துக்குப் போக ஜூகோவில் பட்டம் முடிக்கவேண்டும், 2.5 ஜி.பி.ஏ. வேண்டும், ஆங்கிலத்தில் 6, கணிதத்தில் 3, அறிவியலில் 3 கிரெடிட்டும் வேண்டும். தொழில்சார் ஏஏஎஸ் பட்டத்தில் சேர்ந்துவிட்டால் பல கிரெடிட்டுகள் பல்கலைக்கழகத்தில் ஏறாது. பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான ஏஏ அல்லது ஏஎஸ் பட்டம் எடுங்கள். கணிதத்தைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளி, அதில் தவறி, கிடைத்த இடத்தை இழப்பது ஜூகோவில் பழைய கதை.

நவம்பரில் அழைப்பு ஒன்றும் வரவில்லையே என்று பயமுறுத்தி, விலை கூடிய பொதியை விற்கும் பேச்சுக்கு மயங்கவேண்டாம். பல ஜூகோ ரோஸ்டர்கள் ஏப்ரலுக்குப் பிறகுதான் நிரம்பும், ஆகஸ்டிலும் இடம் காலியாகலாம். மார்ச்சில் புதிதாக ஒரு முறை எழுதுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் அசிஸ்டன்ட் கோச்சைக் கூப்பிடுங்கள். கூப்பிடவேண்டியது ஆட்டக்காரர், அப்பா அல்ல.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்குப் பெல் கிரான்ட் இல்லை. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்க, ஸ்காலர்ஷிப் போக மீதிச் செலவுக்கு வங்கிக் கணக்கில் பணம் காட்டவேண்டும். டிவிஷன் 2 அழைப்பு என்றால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் முழுதாக அந்தத் தொகைக்குள் வரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.