ஜாம் பிசிக்ஸ் கோச்சிங் ரிவ்யூ: டவுட் கிளாஸ் தங்கம், அப்ளிகேஷன் கைடன்ஸ் தண்டம்

பி.எஸ்.சி. பிசிக்ஸ் ஃபைனல் இயர் பிள்ளைங்க நிறைய பேரு "அக்கா நீங்க போன சென்டர் எப்படி, காசு குடுத்து சேரலாமா"ன்னு இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதான் மொத்தமா இங்க போட்டுறேன். (ஜாம்னா ஐ.ஐ.டி. மாதிரி இடங்கள்ல எம்.எஸ்.சி. சேர எழுதற என்ட்ரன்ஸ்.) சென்டர் பேரு போடல. மதுரைல மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் இதே மாதிரி மாடில ரெண்டு ரூம், கீழ ஒரு ஜெராக்ஸ் கடைன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, எங்க சேரப் போனாலும் நீங்க பாக்க வேண்டியது இதே விஷயங்கள்தான்.

ரெண்டு பேக்கேஜ் விக்கறாங்க. ஒண்ணு கோச்சிங், 18,000. இன்னொண்ணு "அட்மிஷன் கைடன்ஸ்", அதுக்கு மேல 6,000. சேரும்போது ரெண்டையும் சேத்துத்தான் தலைல கட்டுவாங்க, "தனித்தனியா வாங்குனா லாபம் இல்லம்மா"ன்னு ரிசப்ஷன்ல இருக்கற அக்கா அம்புட்டு அன்பா சொல்லும். நான் ரெண்டையும் வாங்குனேன். முதல் ஐட்டத்துக்குக் குடுத்த காசு வீண் போகல, ரெண்டாவது பத்தி கீழ வரேன், அங்கதான் கொஞ்சம் கொதிப்பு இருக்கு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். காலைல நடக்கற ரெகுலர் கிளாஸ் சுமார்தான், போர்டுல எழுதுவாங்க நம்ம நோட்ல எழுதணும், அதுக்கு யூடியூப்ல கிடக்கற என்பிடிஇஎல் (ஐ.ஐ.டி. புரொபசருங்க எடுக்கற ஃப்ரீ கிளாஸ்) வீடியோவே போதும், ஐ.ஐ.டி. மெட்ராஸ் பாலகிருஷ்ணன் சார் கிளாசிக்கல் பிசிக்ஸ், குவாண்டம் பிசிக்ஸ் ரெண்டும் எடுத்தது முழுசா ஃப்ரீயா இருக்கு, அதைப் பாத்தவங்களுக்கு இந்தக் காலை கிளாஸ் தூக்கம் வரும். ஆனா சாயங்காலம் டவுட் கிளாஸ்னு ஒண்ணு நடக்குது பாருங்க, அதுக்குத்தான் நான் கோச்சிங்குக்கு இவ்வளவு மார்க் போடறேன்.

அத எடுக்கற சார் ரிட்டயர்டு புரொபசர். சாக்பீஸ தொடவே மாட்டாரு, யாரு டவுட் கேக்கறாங்களோ அவங்கதான் போர்டுக்குப் போகணும். ஒரு நாள் ஒரு பையன் கேட்டது: 30 டிகிரி சரிவுல ஒரு சாலிட் சிலிண்டர் வழுக்காம உருளுது, ஃப்ரிக்‌ஷன் கோஎஃபிஷியன்ட் மியூ 0.5, ஆக்சிலரேஷன் என்ன. சப்பக் கணக்கு. கிளாஸ்ல பாதிப் பேரு என்ன போட்டிருந்தாங்கன்னா, ஃப்ரிக்‌ஷன்னா மியூ இன்ட்டு என் (N, சரிவு சிலிண்டரை செங்குத்தா தள்ற விசை), அதை எம்ஜி சைன் தீட்டால (சரிவுல கீழ இழுக்கற விசை, தீட்டாங்கறது சரிவுக் கோணம்) இருந்து கழி, முடிஞ்சது. அப்படிப் போட்டா ஆக்சிலரேஷன் செகண்டுக்கு செகண்டு முக்கால் மீட்டர் கூட வராது. ஆப்ஷன்ல அதுவும் இருக்கு, அதான் கொடுமை, கேள்வி எடுக்கறவங்களுக்கு நம்ம எங்க விழுவோம்னு நல்லாத் தெரியும்.

சார் போர்டைப் பாத்துட்டு, "ஏம்ப்பா, மியூன்னு ஒரு நம்பர் குடுத்துட்டான்னா அதை எங்கயாச்சும் போட்டே ஆகணுமா?"ன்னாரு. பையன் முழிக்கறான். "சரி, தரையைத் தொடற புள்ளி இருக்குல்ல, அது வழுக்குதா?" "இல்ல சார்." "வழுக்கலேன்னா அது என்ன ஃப்ரிக்‌ஷன்?" "ஸ்டாட்டிக் சார்." "ஸ்டாட்டிக் ஃப்ரிக்‌ஷன் எப்பவும் மியூ என்னா?" அங்கதான் கிளாஸே கப்சிப். மியூ என்ங்கறது ஸ்டாட்டிக் ஃப்ரிக்‌ஷன் போகக்கூடிய உச்சம், தேவைக்கு ஏத்த மாதிரி அதுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் இருக்கும், எவ்வளவுன்னு டார்க் (திருப்பு விசை) ஈக்குவேஷன்தான் சொல்லணும். போட்டுப் பாத்தா ஃப்ரிக்‌ஷன் எம்ஜி சைன் தீட்டால மூணுல ஒரு பங்கு, ஆக்சிலரேஷன் ஜி சைன் தீட்டால மூணுல ரெண்டு பங்கு, 30 டிகிரிக்கு ஜி பை 3, அதாவது 3.27. அந்த 0.5 எதுக்குக் குடுத்தான்னா வழுக்காம உருள முடியுமான்னு செக் பண்ண மட்டும்தான், டான் தீட்டா பை 3, கிட்டத்தட்ட 0.19 இருந்தாலே போதும். இதை அந்தப் பையன் வாயாலயே வர வெச்சாரு. முழுசா ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் போச்சு, சில பேருக்கு இது பிடிக்காது, "போர்ஷன் ஓடல"ன்னு கம்ப்ளெயின்ட் பண்ணாங்க, என்னைக் கேட்டா அந்த அரை மணிக்குத்தான் ஃபீஸே.

ஏன்னா நம்ம செமஸ்டர்ல பழகுனது வேற. "காஸ் விதியைக் கூறி நிரூபி", பத்து மார்க், படத்தோட எழுதுனா முழுசா விழும். ஜாம்ல யாரும் நிரூபிக்கச் சொல்ல மாட்டாங்க, க்யூபோட மூலைல ஒரு சார்ஜ் வெச்சா க்யூப் வழியா எவ்வளவு ஃப்ளக்ஸ் போகும்னு கேப்பாங்க. நிரூபணம் மனப்பாடமா இருக்கறவங்களும் அங்க சார்ஜோட மொத்த ஃப்ளக்ஸையும், க்யூ பை எப்சிலான்னு போட்டுட்டு வந்துருவாங்க. அதே அளவுல எட்டு க்யூப அடுக்கினாத்தான் சார்ஜ் நடுவுல வரும், ஆக நம்ம க்யூபுக்கு எட்டுல ஒண்ணு, இது தோணறதுக்கு விதி தெரிஞ்சா மட்டும் பத்தாது.

இன்னொண்ணு என்ட்ரோபி. இன்சுலேட் பண்ண டப்பால கேஸ் ஒரு பக்கம், மறுபக்கம் வேக்குவம், நடுத் தடுப்ப எடுத்தா வால்யூம் டபுள் ஆகுது, ஒரு மோலுக்கு என்ட்ரோபி மாற்றம் என்னன்னு கேட்டா, ஹீட்டே போகல வரல, அதனால ஜீரோன்னு கை தூக்குனவங்கதான் அதிகம். சார் கேட்டது ஒரே கேள்வி, "என்ட்ரோபி மாற்றம்னா ஹீட் பை டெம்பரேச்சர்னு எழுதறீங்களே, அந்த ஃபார்முலால இருக்கற ஹீட் எந்தப் பாதைல போன ஹீட்டு?" ரிவர்சிபிள் பாதைல போனதுன்னு படிச்சிருக்கோம், எழுதியும் இருக்கோம், கணக்குன்னு வந்தா காத்துல விட்டுருவோம். ரிவர்சிபிள் ஐசோதெர்மல்ல எடுத்துப் போட்டா ஆர் லாக் 2, 5.76 ஜூல் பர் கெல்வின். விடைய விட அவரு அந்தக் கேள்வி கேட்ட இடம் இருக்கே, அதுதான் இப்பவும் எம்.எஸ்.சி.ல கை குடுக்குது.

மாக் டெஸ்ட் பத்தி: கேள்வித்தாள் தரம் ஓகே, பேட்டர்ன் சரியா வெச்சிருக்காங்க, 60 கேள்வி 100 மார்க் 3 மணி நேரம். மல்டிபிள் சாய்ஸ்ல தப்பாப் போட்டா மூணுல ஒரு பங்கு போயிரும், ஒண்ணுக்கு மேல விடை இருக்கற எம்.எஸ்.க்யூ.ல நெகட்டிவ் கிடையாது ஆனா எல்லாச் சரியான ஆப்ஷனையும் டிக் பண்ணாத்தான் மார்க்கு, நம்பர் டைப் பண்ற பகுதிலயும் நெகட்டிவ் இல்ல. இதெல்லாம் சரி. ஆனா டெஸ்ட் பேப்பர்ல வெக்கறாங்க, கால்குலேட்டர் வீட்ல இருந்து கொண்டு வரலாம்! நெஜ பரீட்சைல கம்ப்யூட்டர்ல, ஸ்கிரீன்ல வர்ற விர்ச்சுவல் கால்குலேட்டர மவுஸ் வெச்சுத் தட்டணும், சொந்தக் கால்குலேட்டர் கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. மவுஸ்ல லாக், எக்ஸ்போனென்ஷியல் எல்லாம் தட்டறதுக்குள்ள உசுரு போயிரும், முன்னாடியே வீட்ல பழகிட்டுப் போங்க. ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன், படிச்சாங்களான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இப்ப அந்த 6,000 ரூபா.

கைடன்ஸ்னா என்னென்னு நெனைக்கறீங்க? ஒரு வாட்சப் குரூப்பு, ஒரு கவுன்சிலர். கவுன்சிலருக்கு பிசிக்ஸும் தெரியாது, அட்மிஷனும் தெரியாது. எங்க பேட்ச்ல எல்லாரும் கேட்ட கேள்விங்களைச் சொல்றேன், அவரு என்ன சொன்னாருன்னும் சொல்றேன்.

"சார் எனக்கு எம்.பி.சி. கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கு, அதையே போடலாமா?" பதில்: "போடலாம் போடலாம்." போடக் கூடாது தாயி! ஜாம் சென்ட்ரல் கவர்மென்ட் கணக்கு, அங்க பி.சி., எம்.பி.சி.ன்னு ஒண்ணும் கிடையாது, ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் சர்டிபிகேட், அதுவும் சென்ட்ரல் ஃபார்மேட்ல, அவங்க சொல்ற தேதிக்கு அப்புறம் வாங்குனதா இருக்கணும். ஸ்டேட் லிஸ்ட்ல இருக்கற எல்லாச் சாதியும் சென்ட்ரல் ஓ.பி.சி. லிஸ்ட்ல இருக்கும்னும் நம்பாதீங்க, பாத்துக்கங்க. என் பக்கத்துல உக்காந்திருந்த பிள்ளை அவரு பேச்சைக் கேட்டு ஸ்டேட் சர்டிபிகேட்ட அப்லோட் பண்ணி, டாக்குமென்ட் சரியில்லன்னு மெயில் வந்து, அதுக்கப்புறம் ஈ-சேவை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபிஸ்னு அலைஞ்சு, அவங்க அப்பா வேலைக்கு லீவு போட்டு, கடைசி நேரத்துல கைல கிடைச்சுது. படிக்க வேண்டிய நேரம் மொத்தமும் கியூல போச்சு.

"ரேங்க் வந்துட்டா சீட்டு தானா வந்துருமா?" பதில்: "நல்ல ரேங்க்னா வரும்." வராது. ஜாம் எழுதறது ஒரு அப்ளிகேஷன், ரிசல்ட் வந்தப்புறம் ஐ.ஐ.டி. அட்மிஷன் போர்ட்டல்ல தனியா இன்னொரு ஃபார்ம் போட்டு, எந்த ஐ.ஐ.டி. எந்த கோர்ஸுன்னு வரிசை குடுக்கணும். அதை விட்டீங்கன்னா ரேங்க்க ஃபிரேம் போட்டு மாட்டிக்க வேண்டியதுதான். என்.ஐ.டி. வேணும்னா, நம்ம திருச்சியும் அதுல சேத்தி, அது சிசிஎம்என் (CCMN)னு வேற கவுன்சிலிங், மார்க்கு அதே ஜாம்தான், ஃபார்மு வேற. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. இன்டக்ரேட்டட் பி.எச்டி.க்கும் ஜாம் ஸ்கோர் எடுத்துக்குவாங்க, ஆனா அவங்க சைட்ல தனியா அப்ளை பண்ணணும், அப்புறம் இன்டர்வியூ. வரிசை குடுக்கும்போது "கிடைக்கறதை முதல்ல போடுங்க"ன்னு அந்தக் கவுன்சிலர் ஒரு வாய்ஸ் நோட் போட்டாரு பாருங்க, அதைக் கேட்டு யாரும் செஞ்சிடாதீங்க, எது ரொம்பப் பிடிக்குதோ அதுதான் மேல, கிடைக்காட்டி அடுத்ததுக்குத் தானா இறங்கும்.

"ஜாம் தவிர வேற என்ன எழுதலாம்?" இதுக்குப் பதிலே வரல, ஒரு கும்பிடு எமோஜி மட்டும். நான் சொல்றேன் எழுதி வெச்சுக்கங்க. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையம், அதான் டி.ஐ.எஃப்.ஆர்., தனியா சொந்தப் பரீட்சை வெக்கறாங்க, டிசம்பர்ல வரும், ஜாமுக்கு முன்னாடியே. சென்னை தரமணில இருக்கற ஐ.எம்.எஸ்.சி. (கணித அறிவியல் நிறுவனம்) மாதிரி ஆராய்ச்சி இடங்களுக்கு ஜெஸ்ட்டுன்னு ஒரு பரீட்சை. திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டி, பாண்டிச்சேரி, ஹைதராபாத்துக்கெல்லாம் சியூஈடி பி.ஜி.ன்னு ஒரு பொது என்ட்ரன்ஸ். ஜாம் ஃபார்ம் வழக்கமா செப்டம்பர் அக்டோபர்ல போகும், பரீட்சை பிப்ரவரில. செகண்ட் இயர்லயே இருக்கறவங்க காலண்டர்ல குறிச்சு வெச்சாத்தான் ஆச்சு, அக்டோபர்ல தீபாவளி செமஸ்டர்னு அலையறதுல ஃபார்ம் டேட்ட விட்டவங்கள எனக்கே தெரியும். பொண்ணுங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கும் ஜாம் ஃபீஸ் பாதிதான், இது கூட அந்தக் குரூப்ல யாரும் சொல்லல.

உச்சகட்டம் என்னன்னா எஸ்.ஓ.பி., அதாவது நம்ம யாரு, எதுக்கு வர்றோம்னு எழுதற கட்டுரை. சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு, மூணு சயின்ஸ் அகாடமியும் சேந்து குடுப்பாங்களே அதுக்கு, நம்மளப் பத்திக் கொஞ்சம் எழுதிக் குடுக்கணும். "நாங்க எழுதித் தர்றோம்"னு வாங்கிட்டு எல்லாருக்கும் ஒரே வேர்டு ஃபைலு. "சின்ன வயசுல இருந்தே மொட்டை மாடில நட்சத்திரங்களப் பாத்து வியந்திருக்கேன்"னு இங்கிலீஷ்ல ஆரம்பிக்குது, பேர மட்டும் மாத்திக்கணுமாம். ஒரே காலேஜ்ல இருந்து நாங்க நாலு பேரு அப்ளை பண்றோம், நாலு பேரும் மொட்டை மாடில நின்னா அங்க படிக்கறவரு சிரிக்க மாட்டாரா? நான் அதைத் தூக்கிப் போட்டுட்டு டவுட் சார்ட்டயே போனேன். அவரு, "எந்தக் கணக்குல மாட்டி ரெண்டு நாள் தூங்காம இருந்த, அதை எழுதும்மா, மிச்சம் எதுவும் வேணாம்"னாரு. அந்தச் சிலிண்டர் கணக்க, வழுக்க ஆரம்பிக்கற ஆங்கிள் வரைக்கும் காலேஜ் லேப்ல செஞ்சு பாத்தத எழுதுனேன். இதுக்கு அவரு பத்து பைசா வாங்கல, கைடன்ஸ் பேக்கேஜ்ல அவரு பேரும் இல்ல.

ரீஃபண்ட் கேட்டேன். "பாலிசி இல்லம்மா"ன்னாங்க, ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கு, காட்டுனாங்க. சரி விடு கழுதைன்னு வந்துட்டேன்.

ஆக ரேட்டிங்: டவுட் கிளாஸ் அஞ்சுக்கு அஞ்சு, ரெகுலர் கிளாஸ் ரெண்டரை, மாக் டெஸ்ட் மூணு, கைடன்ஸ் முட்டை. 18,000 குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் டெமோ கேட்டு உக்காருங்க, காலை கிளாஸ் டெமோதான் தருவோம்னு சொல்லுவாங்க, விடாதீங்க, சாயங்காலமேதான் வேணும்னு அடம் பிடிங்க, யாரு எடுக்கறாங்கன்னு கேட்டுக்கங்க, ஏன்னா சாரு பொங்கலுக்கு அப்புறம் வாரத்துல ரெண்டு நாள்தான் வர்றாருன்னு ஜூனியர்ஸ் சொல்றாங்க. கைடன்ஸுக்குக் கேக்கற அந்த 6,000த்த கைல வெச்சுக்கங்க, அப்ளிகேஷன் ஃபீஸுக்கே ஆகும், ஜாம் ப்ரோஷர் அந்த வருஷம் நடத்தற இன்ஸ்டிடியூட் சைட்ல பி.டி.எஃப்.பா ஃப்ரீயா இருக்கு, சர்டிபிகேட் ஃபார்மேட்டும் அதுலயே கடைசி பக்கங்கள்ல இருக்கு, பிரின்ட் எடுத்து அப்படியே தாலுகா ஆபிஸுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. வண்டி நிறுத்த இடம் கிடையாது, ஜெராக்ஸ் கடைக்காரரு கத்துவாரு, பஸ்ல போறது உத்தமம்.