ஊற்றிய சோல், ஒட்டிய சோல், தைத்த சோல்: சேலத்து வெயிலில் எது எத்தனை நாள்?

மருந்து கம்பெனி ரெப் வேலையில் எனக்கு இது பதினாறாவது வருடம். காலை ஒன்பது மணிக்கு மாட்டுகிற ஷூவை இரவு பத்து மணிக்குத்தான் கழற்றுவேன். ஐந்து ரோடு, சாரதா காலேஜ் ரோடு, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவேன். மாதம் ஒரு முறை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போய் வருவேன். எந்த ஷூவை எப்போது வாங்கினேன், என்ன விலை, எப்போது சோல் மாற்றினேன் என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். தினமும் ரிப்போர்ட் அனுப்புகிற வேலை என்பதால், எத்தனை நாள் போட்டேன் என்ற கணக்கும் ஏறக்குறையச் சரியாகவே கிடைத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் "அண்ணா, எந்த ஷூ வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடையில் எத்தனை பிராண்டு அடுக்கியிருந்தாலும், சோல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றே வகைதான். அச்சில் ஊற்றியது, சொல்யூஷன் போட்டு ஒட்டியது, நூலால் தைத்தது. விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஊற்றிய சோல் என்றால் பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன். அப்பரை, அதாவது ஷூவின் மேல் பகுதியை, அச்சில் பொருத்தி, அடியில் திரவமாகவே ஊற்றி இறுகவிடுவார்கள். பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், முதல் நாளே காலுக்குச் சுகம். 1,000, 1,500 ரூபாய் ரெக்சின் ஷூக்களில் இது அதிகம். ஆனால் 4,000 ரூபாய் தோல் ஷூவிலும் இதே சோலைப் பார்த்திருக்கிறேன், அதனால் விலையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இந்த சோலின் பெரிய குறை, போடாமல் வைத்திருந்தாலும் வீணாகும் என்பதுதான். காற்றில் இருக்கிற ஈரம் பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலிக் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியோடு ஏற்காட்டில் மாமனார் வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். நாலு வருடம் கழித்து மகனின் காதுகுத்துக்கு எடுத்துப் போட்டேன். மேல் தோல் புதுசு மாதிரி பளபளவென்றுதான் இருந்தது. வாசலில் இருந்து கூடத்துக்குப் போவதற்குள் வலது குதிகால் அழுந்தியது, அடுத்த அடியில் பழைய ரஸ்க் மாதிரி உடைந்து மொசைக் தரை முழுக்கக் கறுப்புப் பொடி. மறுநாள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வழக்கமாகத் தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல ஊசி நிக்காதுங்க சார், பொடியாக் கொட்டுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒட்டுவதற்கும் பிடிமானம் இல்லை. ஊற்றிய சோல் போனால் ஷூவே போனதுதான். விசேஷத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி வேண்டும் என்பவர்கள் இந்த வகையை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது ஒட்டிய சோல். நடுத்தர விலை, அதாவது 2,500 முதல் 5,000 வரையுள்ள தோல் ஷூக்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ரப்பரிலோ, டி.பி.ஆர். எனப்படும் ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கிலோ தனியாகச் செய்த சோலை அப்பரின் அடியில் பசை தடவி அழுத்தியிருப்பார்கள். பொடிப்பொடியாக உதிராது, ஆனால் வாய் பிளக்கும். முன்பக்க மடிப்பில்தான் முதலில் பிரியும். அதற்குக் காரணம் நடை மட்டும் இல்லை, வெயிலும்தான். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் 40 டிகிரியைத் தொடுகிற வெயிலில் மூடி நிற்கிற காரின் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று தெரியும் அல்லவா? அந்தச் சூட்டில் பசை இளகும். என் நண்பர் ஒருவர் டிக்கியில் விட்ட ஷூவை மாலையில் எடுத்து மாட்டி, இரண்டு தெரு நடப்பதற்குள் சோலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

இதற்கு நம் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. புது ஷூவை வாங்கிய கையோடு, தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிலும் ஒரு தையல் போட்டுக்கொள்வது. நல்ல பழக்கம், ஆனால் எல்லா ஷூவுக்கும் ஆகாது. சோலின் ஓரம் குட்டிச் சுவர் மாதிரி மேலேறி அப்பரை அணைத்திருந்தால் தைக்கலாம், ஊசி அந்தச் சுவரில் ஏறும். தட்டையான சோலில் இது வராது. கட்டாயப்படுத்தித் தைத்தால் மேல் தோலில் வரிசையாக ஓட்டை விழும், மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். சொல்யூஷன் போட்டுத் திரும்ப ஒட்டினாலே அதற்குப் போதும். எப்படியானாலும் ஒட்டிய சோலைக் கழற்றி வேறு சோல் போட முடியும், அதுவும் நம் ஊரிலேயே முடியும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஊற்றிய சோலைவிட இது பல மடங்கு மேல் என்பேன்.

தைத்ததில் இரண்டு வகை. ஒன்று பிளேக் தையல். 1858இல் அமெரிக்காவில் லைமன் பிளேக் காப்புரிமை பெற்ற எந்திரத்தால் வந்த பெயர். ஒரே நூல் அடி சோலில் இருந்து நேராக, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கிற உள் பலகை வரைக்கும் ஏறும். ஷூவுக்குள் பார்த்தால் அந்தத் தையல் வரிசை தெரியும், தெரியாவிட்டால் மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய தாளைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். மெலிதாக, அழகாக, நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் நடந்தால் நூல் வழியாக ஈரம் நேரே உள்ளே வரும். சோல் மாற்ற வேண்டுமென்றால் ஷூவுக்குள் கை நீட்டித் தைக்கிற அதே மாதிரி எந்திரம் வேண்டும். தெருவோரத்தில் குத்தூசியை வைத்துச் செய்கிற காரியம் இல்லை.

இன்னொன்று குட்இயர் வெல்ட். டயர் கம்பெனியின் பெயர் மாதிரி இருப்பதால், கடைகளில் இதை டயர் ரப்பர் சோல் என்று சொல்லி விற்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். அது தவறு. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன் 1870 வாக்கில் கொண்டுவந்த தையல் எந்திர முறை இது. அப்பரைச் சுற்றி விரல் அகலம்கூட இல்லாத ஒரு தோல் பட்டை வரும், அதுதான் வெல்ட். முதல் தையல் அப்பரையும் உள் பலகையின் விளிம்பையும் இந்தப் பட்டையோடு சேர்க்கும். இரண்டாவது தையல் பட்டையை சோலோடு சேர்க்கும். நடுவில் இருக்கிற பள்ளத்தைக் கார்க் தூளால் நிரப்புவார்கள், சில மாதத்தில் அது உங்கள் பாதத்தின் வடிவத்துக்கே அமுங்கிவிடும். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் அறுத்தால் போதும், அப்பரைத் தொடவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மேலே வெல்ட் மாதிரி தையல் தெரிந்தால் அது வெல்ட் என்று நம்பிவிடாதீர்கள். அழகுக்காக அச்சிலேயே வார்த்த போலித் தையல் நிறைய வருகிறது. ரப்பர் சோல் என்றால் திருப்பிப் பாருங்கள், விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் மேலே தெரிகிற அதே தையல் கீழேயும் ஓட வேண்டும். தோல் சோலில் சில சமயம் தையலைத் தோலை மடித்து மூடியிருப்பார்கள், அங்கே இந்தச் சோதனை செல்லாது.

இனி என் கணக்கு. ரெக்சின் அப்பர், ஊற்றிய சோல், 1,100 ரூபாய்: வாரத்துக்கு ஆறு நாளும் போட்டேன், ஐந்து மாதம், சுமார் 130 நாள். ஒரு நாளைக்கு எட்டரை ரூபாய். தோல் அப்பர், ஒட்டிய சோல், 3,200 ரூபாய்: அதையும் ஆறு நாளும் போட்டேன், பதினோரு மாதம், சுமார் 280 நாள். ஒரு நாளைக்குப் பதினொன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நல்ல ஷூதான் எனக்கு அதிகச் செலவு வைத்தது! அப்புறம் யோசித்து, அதே மாடலையே தலா 3,400 கொடுத்துக் கறுப்பிலும் பழுப்பிலும் இரண்டு ஜோடி வாங்கினேன். ஏற்கெனவே இருந்த வெல்ட் ஷூவையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் இரண்டு நாள் முறை வைத்தேன். கறுப்பு ஜோடி ஐந்து வருடம் உழைத்தது, சுமார் 520 நாள். நடுவில் ஒரு தடவை ஹீல், ஒரு தடவை முழு சோல் என்று 900 ரூபாய் ஆனது. ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் சில்லறை. அதே மாடல், அதே கால், அதே ரோடு. முன்பு 280 நாளில் செத்தது இப்போது 520 நாள் வந்தது.

வெல்ட் ஷூ 14,000. ஆறு வருடம், சுமார் 620 நாள். சென்னைக்கு அனுப்பி ஒரு தடவை சோல் மாற்றியதற்கு 2,800. ஒரு நாளைக்கு 27 ரூபாய். அப்பர் இன்னும் முழுசாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கறுப்பு ஜோடியின் எட்டு ரூபாய்க்கு அது இறங்கி வர வேண்டுமென்றால், மொத்தம் 2,000 நாளைத் தாண்ட வேண்டும். இதே வேகத்தில் போட்டால் இன்னும் பதின்மூன்று வருடம், அதற்குள் இன்னும் இரண்டு மூன்று சோல். "விலை அதிகமானாலும் கடைசியில் மலிவு" என்று இந்த ஷூக்களைப் பற்றிச் சொல்கிறார்கள். என் டைரி அப்படிச் சொல்லவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் பாதம் வலிக்காது, நாள் முழுக்க நின்றாலும் வடிவம் குலையாது. அதற்காக வாங்குங்கள், மிச்சம் பிடிக்க வாங்காதீர்கள்.

அந்த 280க்கும் 520க்கும் நடுவில் நடந்தது ஓய்வுதான். நம் பாதம் வியர்ப்பதை ஷூவின் உள் பலகையும் லைனிங்கும் குடித்துக்கொள்ளும். நல்ல வெல்ட் ஷூவில் அந்தப் பலகை தாவரச் சாற்றில் பதனிட்ட தோல். சேலத்துக் கரட்டோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் நம் பக்கத்தில் காலங்காலமாக அப்படித் தோல் பதனிட்டார்கள். நடுத்தர விலை ஷூவில் பலகை பெரும்பாலும் அழுத்திய அட்டை. ஈரம் காயாமல் மறுநாளும் மிதித்தால் அட்டை நெளியும், வியர்வை உப்பு மேல் தோலின் மடிப்பில் வெள்ளைக் கோடாக ஏறும், கடைசியில் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பாலிஷைப் பொறுத்தவரை, பஞ்சு வைத்த பாட்டில் திரவம் அவசரத்துக்கு மட்டும். அது மேலே ஒரு படலமாகப் படிந்து, நாளடைவில் மடிப்பில் செதில் செதிலாக உரிகிறது. டின்னில் வருகிற மெழுகு பாலிஷைத் துணியில் கொஞ்சமாக எடுத்து, பத்து நிமிடம் விட்டு பிரஷ் போடுங்கள். மாதம் ஒரு தடவை லெதர் கிரீம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தடவின அன்றைக்குப் பளபளக்கும், அப்புறம் தூசியை இழுத்துப் பிடிக்கும். ஏற்காட்டு மழைக் காலத்தில் என் ஷூவில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பூஞ்சை பூத்தது. பூஞ்சை வந்தால் வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றி, ஃபேனுக்கு அடியில் விடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் ஷூவின் ஆயுளைத் தின்கிறது. பாதிக் கிளினிக்குகளில் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அவசரத்தில் லேஸை அவிழ்க்காமல் ஒரு கால் நுனியால் இன்னொரு குதிகாலை மிதித்து உருவினால், பின்பக்கச் சுவர் உடைந்து உள் லைனிங் கிழியும். சோல் நன்றாக இருக்கும்போதே குதிகால் போன ஷூ என்னிடம் இரண்டு. அதனால் லேஸ் இல்லாத ஸ்லிப்-ஆன் சௌகரியம் என்று சிலர் அதற்குப் போகிறார்கள். அதன் எலாஸ்டிக் ஒரு வருடத்தில் தொளதொளத்துப் போவதைப் பார்த்துவிட்டு நான் லேஸ் கட்டுகிற டெர்பி ஷூவுக்கே திரும்பிவிட்டேன். லேஸை இரண்டு துளை தளர்த்தினாலே வாய் நன்றாகத் திறக்கும். பையில் இருபது ரூபாய் ஷூ ஹார்ன் ஒன்று எப்போதும் கிடக்கிறது. பைக் ஓட்டுகிறவர்கள் இடது கால் நுனியில் கியர் லீவர் கிழிக்கிற கோட்டையும் கவனியுங்கள். லீவருக்கு ஒரு ரப்பர் உறை மாட்டினால் போதும். ஏற்காட்டு மலை ஏறி இறங்குவதற்குள் எத்தனை கியர் மாற்றம்!

எங்கே வாங்குவது என்று கேட்டால், அவசரம் இல்லாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஆம்பூருக்குப் போய் வாருங்கள். ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சிய தோல் ஷூக்கள் அங்குள்ள கடைகளில் வரும். அளவு கிடைப்பது அதிர்ஷ்டம், சோலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்திருந்தால் நல்ல பொருள் கிடைக்கும். கையில் 7,000 இருக்கிற புதுப் பையனுக்கு நான் சொல்வது, அந்தப் பணத்தில் ஒட்டிய ரப்பர் சோல் தோல் ஷூ இரண்டு ஜோடி. வக்கீல், பேங்க் மேனேஜர் மாதிரி பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு வெல்ட் ஷூ தேயவே தேயாது, அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

போன மாதம் கறுப்பு ஜோடியைப் பெரியவரிடம் காட்டினேன். மடிப்பில் வெடித்த தோலை விரித்துப் பார்த்துவிட்டு, "இனி வேண்டாங்க சார், இது நல்லா உழைச்சிருச்சு" என்றார். நான் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள், "இருங்க, அந்த பிரவுனைக் கொடுங்க" என்று வாங்கி, கறுப்பு ஷூவின் நாக்கை அரிந்து, பழுப்பு ஷூவின் கிழிந்த குதிகாலுக்கு உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார். அறுபது ரூபாய். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.