ஓக் மர நிழலுக்கு 50-குழி நாற்றுத் தட்டு: பென்சில்வேனியா கோரை வாங்கலாமா?

கோரை என்றாலே தோட்டம் வைத்திருப்பவருக்குப் பகீரென்றிருக்கும். எத்தனை முறை கொத்தினாலும் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து மறுபடி தலைகாட்டும் களையல்லவா அது! அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நாற்றுப் பண்ணைகளில் தட்டுத் தட்டாக விற்கும் பென்சில்வேனியா கோரையும் அதே குடும்பம்தான். ஆனால் கிழங்கு கட்டாது. மெல்லிய கிடைத்தண்டுகளால் மெதுவாக, பிடுங்கினால் கையோடு வரும் அளவுக்கே பரவும். அப்பகுதிக் காடுகளில் ஓக் மரத்தடியில் தானாக வளரும் செடி இது. புல் காய்ந்து போகும் வறண்ட நிழலில் அரை அடி முதல் ஓரடி உயரத்துக்கு மயிர்போல் சரிந்து கிடக்கும்.

விதை போட்டு வளர்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விதை பிடிப்பதே குறைவு, முளைப்பது அதைவிடக் குறைவு. பெரிய தொட்டிச் செடி வாங்கினால் காசு வீண், மர வேர்களுக்கு நடுவே அவ்வளவு பெரிய குழி தோண்டவும் முடியாது. ஆகவே 50 குழிகளில் குழிக்கொரு நாற்றாக வரும் தட்டுதான் சரியான கொள்முதல். நாற்றின் வேர்க்கட்டி இரண்டு அங்குல அகலம், நான்கைந்து அங்குல ஆழம் இருக்கும். அதற்குத் துளையிடும் கருவியில் இரண்டு அங்குல மண் துளைப்பான் மாட்டினால் போதும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு நாற்றை உருவிப் பாருங்கள். தூரின் அடி செம்பழுப்பாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் கிடைத்தண்டு ஒன்றிரண்டாவது எட்டிப் பார்க்க வேண்டும். அடி சிவந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பென்சில்வேனியா கோரையின் பேரினமான கேரெக்ஸிலேயே உள்ள கேரெக்ஸ் கம்யூனிஸ் என்ற இனத்துக்கும் அடி சிவப்புதான், ஆனால் அது தூர் கட்டி நின்றுவிடும், பரவாது. கிடைத்தண்டே இல்லாத நாற்றைத் தரைமூடிச் செடி என்று வாங்கிவந்தால் இடைவெளி இடைவெளியாகவே நிற்கும்.

விற்பனைச் சீட்டில் பெரும்பாலும் 12 அங்குல இடைவெளி என்றிருக்கும். இதைத்தான் நாம் குறையாகச் சொல்வோம். அந்தக் கணக்கில் ஒரு தட்டு 50 சதுர அடிக்கு வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைவெளி மூடும் வரை களைக்குத்தான் கொண்டாட்டம். 8 அங்குலத்தில் நட்டால் தட்டு 22 சதுர அடிக்கே வரும், ஆனால் இரண்டாம் பருவ முடிவில் தரை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். கையில் காசு குறைவென்றால் இடத்தைப் பாதியாக்குங்கள், இடைவெளியைக் கூட்டாதீர்கள்.

நடவுக்கு ஏப்ரல், மே நல்லது. இலையுதிர் காலத்தில் நடுவதானால் தரை உறைவதற்கு ஆறு வாரமாவது முன்னதாக முடிக்க வேண்டும். தாமதித்தால் வேர் பிடிக்காத நாற்றை உறைபனி மேலே தள்ளிவிடும், வேர் வெளியே தெரிந்து காய்ந்து சாகும். நடும் முன் தட்டைத் தண்ணீரில் முழுக வையுங்கள். வேர்க்கட்டி பீட் (மட்கிய சதுப்புநிலப் பாசி) கலவை என்பதால், ஒருமுறை காய்ந்துவிட்டால் சுற்றிலும் மண் ஈரமாக இருந்தாலும் உள்ளே நனையாது. தூர் மண்மட்டத்தில் இருக்கட்டும், ஆழமாக நட்டால் அழுகும். மரத்தடியை உழவோ, மேலே புது மண் கொட்டவோ வேண்டாம். செடியைவிட மரம்தான் முதலில் அவதிப்படும். உரமும் தேவையில்லை.

முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். பிறகு அந்தப் பருவம் முழுக்க வாரம் ஓர் அங்குலம், மழை பெய்தால் அதையும் கணக்கில் கொள்ளலாம். 22 சதுர அடிக்கு அது சுமார் 14 கேலன். நார்வே மேப்பிள் மரத்தடியில் மேலாக ஓடும் அடர்ந்த வேர்கள் இதைக் குடித்துவிடும் என்பதால் அங்கே கூடுதலாக ஊற்ற வேண்டும். மூடாக்குக்கு நறுக்கிய இலை ஓரிரு அங்குலம் போதும். உதிர்ந்த ஓக் இலையை அப்படியே விட்டால் ஈரப்பாய்போல் ஒட்டிக்கொண்டு செடியை மூச்சுத் திணற வைக்கும். புல்வெட்டியை ஒருமுறை ஓட்டி நறுக்கித் தூவுங்கள்.

பிப்ரவரிக் கடைசியில் பழைய இலையை மூன்று அங்குலத்துக்கு வெட்டிவிடலாம், வெட்டாவிட்டாலும் கெடுதலில்லை. மான் அவ்வளவாகத் தொடாது. எப்போதாவது மிதித்தால் தாங்கும், குழந்தைகள் தினமும் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது.

தண்ணீர் தேங்கும் களிமண்ணுக்கு இந்தத் தட்டை வாங்காதீர்கள். இன்னொன்று: டெலவேரிலுள்ள மவுண்ட் கியூபா சென்டர் என்ற தாவரத் தோட்டம் 70 வகைக் கேரெக்ஸ்களை வளர்த்துப் பார்த்து 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் முதலிடம் பெற்றது கேரெக்ஸ் வுடிஐ (Carex woodii) என்ற இனம். நிழலில் பரவும் குணம் அதற்கும் உண்டு. பண்ணையில் இரண்டும் அருகருகே இருந்தால், இரண்டிலும் பாதிப் பாதி எடுங்கள்.