தட்டைப் படகு செய்து தருகிறோம் என்பவர்களிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2,800 மலேசிய வெள்ளி. நான்கு குடும்பங்களின் பணம். போன ஞாயிற்றுக்கிழமை பேராக் மாநிலத்துப் பிளஸ் ஆற்றில், முழங்கால் ஆழத் தண்ணீரில் மூழ்கிப் போனது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைந்தால் ஆற்றில் மணல் திட்டுத் திட்டாக எழுந்துவிடும். இயந்திரப் படகின் விசிறி தரையில் இடிக்கும். அங்கே செல்லுபடியாவது அடி தட்டையான, கழி ஊன்றித் தள்ளும் படகுதான். சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் இப்படித்தான் ஆற்றில் போகிறார்கள். தூண்டில் போடப் போகலாமென்று லயத்து நண்பர்கள் நால்வர் தலைக்கு 700 வெள்ளி போட்டோம்.

சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒரு படகுப் பட்டறை. போனில் பேசியவர் தமிழர். விலையைப் பற்றிப் பேசவே இல்லை, “ஆற்றின் அடி மணலா, சேறா அண்ணே?” என்றுதான் முதலில் கேட்டார். “சேறென்றால் கழி நுனிக்கு இரும்புப் பூண் போட்டுத் தருகிறேன். கழி சிக்கினால் முறுக்கி இழுங்கள், வரவில்லையென்றால் கழியை விட்டுவிடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்” என்றார். தொழில் தெரிந்தவர் பேச்சு. நம்பாமல் என்ன செய்வது? “முழுக்க மெரைன் பிளைவுட். நம் ஆட்களையே ஏமாற்றுவேனா?” என்றார். அன்று மாலையே 2,800 வெள்ளியும் அவர் கணக்குக்குப் போய்விட்டது.

பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்த படகு வந்தது. ஆற்றில் இறக்கிய சற்று நேரத்தில் மூட்டுகளில் தண்ணீர் கசிந்தது, பிறகு பொங்கியது. நண்பரின் மகன் அதில் உட்கார்ந்திருந்தான். ஆழமான இடமாக இருந்திருந்தால்?

கரையில் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டினோம். மூட்டில் பசை இல்லை, சுவருக்குப் பூசும் மக்கு. கத்தி நுனியை விட்டால் பலகை ஏடு ஏடாகப் பிரிந்து வருகிறது. உள் அடுக்கில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. மெரைன் பிளைவுட்டில் தண்ணீர் தாங்கும் பசை இருக்கும், உள்ளே இப்படி ஓட்டை இருக்காது. இது அலமாரி செய்யும் பலகை! கழியில் பூணும் இல்லை.

கேட்டதற்கு, “தண்ணீரிலேயே ஊறட்டும், மரம் உப்பிச் சந்து அடைந்துவிடும்” என்றார். அது கட்டை மரத்தில் செய்த பழைய தோணிக்குப் பொருந்தும். ஒட்டுப்பலகை ஊறினால் பிரியும். இது அவருக்குத் தெரியாதா? அடுத்து, “மணலில் இழுத்திருப்பீர்கள்” என்று பழியை எங்கள் மேல் போட்டார். அப்புறம் “முதலாளி வெளியூர்” என்று வேறொரு குரல். பிறகு என் எண்ணையே முடக்கிவிட்டார். மனைவியின் போனிலிருந்து அழைத்தேன், “எந்தப் படகு?” என்று கேட்டு வைத்துவிட்டார். 2,800 வெள்ளி வாங்கியவர் கேட்கிற கேள்வியா இது?

முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் நேரில் போய்ப் பலகையின் விளிம்பைப் பாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டி, அதன் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனு செய்யலாம். நாங்கள் செய்துவிட்டோம்.

இதே மாதிரிப் படகை ஏற்கெனவே வாங்கியவர்கள், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் அடிப்பலகையைக் கத்தியால் குத்திப் பாருங்கள்.