பில்லிங் மெஷின் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் லைசென்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? என் 3,12,000 ரூபாய் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கோவைப் பக்கம், கடைகளுக்குக் கையடக்க பில்லிங் மெஷின் செய்யும் கம்பெனி. செய்யும் என்றால், போர்டு சீனாவிலிருந்து வரும், பெட்டியும் ஸ்டிக்கரும் இங்கே.

நான் தனியாளாக ஃபர்ம்வேர், அதாவது மெஷினின் சிப்புக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர், எழுதிப் பிழைப்பவன். சின்ன தெர்மல் பிரிண்டரில் தமிழை ஒழுங்காக விழவைப்பதுதான் என் சரக்கு. கேட்க லேசாக இருக்கும். விலை குறைந்த பிரிண்டர்களில் தமிழ் எழுத்து கிடையாது, ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளிதான் இடம். யூனிகோடில் "கொ" என்பது முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி என்று இருக்கும். தாளில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் விழ வேண்டும். கணினியிலும் போனிலும் இதையெல்லாம் இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். இந்த மெஷின் சிப்பில் அதற்கு இடம் ஏது? எழுத்து எழுத்தாக உட்கார்ந்து புள்ளி வைத்தேன். "கூ"வின் வால் கீழ் வரியில் இடிக்கிறது என்று ஒரு புள்ளி குறைத்தேன். அந்த ஒரு புள்ளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிய கணக்கு எளிது. மெஷினுக்கு 120 ரூபாய் ராயல்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. மெஷினை முதன்முதலாக ஆன் செய்யும்போது என் சர்வரிலிருந்து ஒரு கீ, அதாவது அது இருந்தால்தான் ஓடும் என்ற அனுமதி எண், வாங்கிக்கொள்ளும், அதனால் எத்தனை போயிருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் பணம் என்றார்கள், அதற்காகவே பதிவு எடுத்தேன். முதல் 410 மெஷினுக்கு 49,200 ரூபாய், வரியோடு, சொன்ன தேதியில் வந்தது. முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்து, "நீங்க நம்மூட்டுப் பையனாட்டம் தம்பி" என்றார். அந்தச் சாப்பாடு இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ராத்திரி அவரே போன் செய்தார். "தம்பி, லைன்ல நெட்டு விட்டு விட்டு வருதுங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் கீ வாங்கறதுக்குள்ள உசுரு போகுது. காலைல லாரி கெளம்பணும். கீ இல்லாம ஓடற மாதிரி ஒரு ஃபைல் போட்டுக் குடுங்க, எத்தனை போச்சுன்னு நானே கைப்பட எழுதித் தாரேன்."

ஒழுங்காகப் பணம் கொடுத்த மனிதர், பண்டிகை நேரம், லாரி நிற்கிறது. அன்று ராத்திரியே அனுப்பினேன். "நன்றி தம்பி" என்று பதில் வந்தது, கும்பிடும் கையோடு.

அதன்பிறகு கணக்கு வரவே இல்லை. கேட்டால் "சேல்ஸ் டல்லுங்க". அடுத்த காலாண்டும் டல்தான். தீபாவளிக்கு லாரி லாரியாகப் போனவர்களுக்குப் பொங்கலுக்கு ஒரு மெஷின்கூட விற்கவில்லையாம்!

பெருந்துறையில் ஒரு மளிகைக் கடையில் சர்க்கரை வாங்கினேன். பில்லில் "கூடுதல்" என்று இருந்தது. கூவன்னாவின் வாலைப் பார்த்தேன். ஒரு புள்ளி குறைச்சல். கடைக்கார அண்ணனிடம் கெஞ்சி மெஷினை வாங்கி மெனுவுக்குள் போனேன். என் ஃபர்ம்வேர், சீரியல் எண் 3010. அந்த எண்ணைப் போடும் நிரலும் நான் எழுதியதுதான். ஒன்றிலிருந்து தொடங்கும், நடுவில் தாண்டாது. 3010-இல் 410 போனால் 2,600 மெஷின். 120 ரூபாய் வீதம் 3,12,000 ரூபாய். இது நான் கண்ணால் பார்த்த எண் வரைக்கும்தான். அதற்கு மேல் எத்தனை ஓடுகிறதோ!

போட்டோவோடு பில் அனுப்பினேன். "பில் மெயில்ல வரலைங்க, மறுபடி அனுப்புங்க" என்றது அக்கவுண்ட்ஸ். அப்புறம் "சார் டூர்ல இருக்கார்". அப்புறம் "ஆடிட்டர் பார்க்கணும்". கடைசியில் முதலாளியின் மகன் பேசினார். அது என் சாஃப்ட்வேரே இல்லையாம், போர்டோடு சீனாவிலிருந்து வந்ததாம். சீனாக்காரன் எனக்காகக் கூவன்னாவின் வாலை வெட்டினானா என்று கேட்டேன். உடனே பேச்சு மாறியது: "காசு குடுத்து வாங்கினதுதானுங்க, இனி அது எங்களுது." 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு காகிதமும் கிடையாது. அடுத்த போனில் என் நிரலில் பிழை, வாரண்டி செலவுக்கு நான்தான் அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்றார்கள்.

உச்சம் இனிமேல்தான். போன வாரம் அவர்களுடைய சர்வீஸ் பையன் கூப்பிடுகிறான். "ஒரு கஸ்டமர் பில்லுல ஔகாரம் சரியா விழலீங்க சார், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சீனாக்காரன் நம்பரை விட்டுவிட்டு என் நம்பரை அவனுக்கு யார் கொடுத்தது?

3,12,000 ரூபாயோடு முடியவில்லை. பில் போட்டுவிட்டதால் பணம் வந்ததோ இல்லையோ 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். 56,160 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று. என் சாஃப்ட்வேரே இல்லை என்று சொன்னவர்கள் அந்தப் பில்லை ஜிஎஸ்டி போர்ட்டலில் நிராகரிக்கவில்லை. அந்த 18 சதவீதத்தைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் மட்டும் இனிக்கிறது போல.

இதற்கு நடுவில் எலெக்ட்ரானிக் தராசு கம்பெனி ஒன்று சோதனைக்கு என்று ஒரு பதிப்பு வாங்கிக்கொண்டு, "எங்க பையனே எழுதிட்டான்" என்று முடித்துவிட்டது. அதைப் பற்றி எழுதத் தெம்பில்லை.

உதயம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, எனக்கு முதலிலிருந்தே இருந்தது. அதை வைத்து, நிலுவைத் தொகைக்கான சிறுதொழில் கவுன்சிலில் மனு போட்டிருக்கிறேன். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் "வங்கி விகிதம்" என்ற வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 90 நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. வக்கீல் சிரிக்கிறார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீ இல்லாத பதிப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள், லாரி நின்றால் நிற்கட்டும். மெஷினுக்கு இவ்வளவு என்று பேசாமல் வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று பேசி முன்பணமாக வாங்குங்கள். அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உதயம் பதிவை சப்ளைக்கு முன்னாலேயே எடுங்கள். நிரலைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய 500 ரூபாய்தான் கட்டணம், அதையும் செய்துவிடுங்கள்.

கோவைப் பக்கமிருந்து "நம்மூட்டுப் பையனாட்டம்" என்று யாராவது பேச ஆரம்பித்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். அவர்தானா என்று சொல்லிவிடுகிறேன்.